ரோபோ வந்தாலும் பீசிங் கற்றுக்கொடுப்பேன்

மில்லில் வேலை என்று சொன்னதும் பலரும் கேட்பது இதுதான்: "இப்பதான் எல்லாம் ஆட்டோமேட்டிக் ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு ஆளு?" உடுமலைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில், புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதற்கு முன் பல வருடம் ரிங் ஃபிரேம் என்ற நூற்பு மெஷினில் சைடராக, அதாவது அதன் பக்கத்தில் நடந்து நூல் ஓட்டத்தைக் கவனிப்பவளாக இருந்தேன். கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் இந்தக் கேள்விக்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிகிறது. இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், போன வேலைகளைப் பற்றி. பேல் பேலாக வந்து இறங்கும் பஞ்சு புளோ ரூம், கார்டிங், டிராஃப்ரேம், சிம்ப்ளெக்ஸ் எல்லாம் தாண்டி, ரிங் ஃபிரேமில்தான் நூலாகிறது. நான் சேர்ந்தபோது ஒரு ரிங் ஃபிரேமில் 400 சொச்சம் ஸ்பிண்டில், அதாவது நூலை முறுக்கும் கதிர், இருக்கும். பாபின் குழலில் சுற்றிய நூல், அதாவது காப், நிரம்பியதும் மெஷினை நிறுத்துவார்கள். டாஃபிங் பிள்ளைகள் ஐந்தாறு பேர் ஓடிவந்து நிரம்பியதைப் பிடுங்கி, வெற்று பாபினைக் குத்திக்கொண்டே போவார்கள். ஷிப்ட் முடிவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். இப்போது எங்கள் ஃபிரேம்களில் 1,200 ஸ்பிண்டில். ஆட்டோ டாஃபர் அத்தனை காப்பையும் ஒரே பிடியில் தூக்கி, வெற்று பாபினை வைத்துவிட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் மறுபடி ஓட்டத்தைத் தொடங்கிவிடுகிறது. நிரம்பிய காப்கள் தாமாகவே நகர்ந்து, நூலைப் பெரிய கோன்களாகச் சுற்றும் ஆட்டோகோனருக்குப் போகின்றன. அங்கே முன்பு பெண்கள் கையில் நாட்டர் மாட்டிக்கொண்டு முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று ஸ்ப்ளைசர் அறுந்த இரண்டு முனைகளின் முறுக்கையும் காற்றால் பிரித்து, ஒன்றோடொன்று கலந்து, திரும்ப முறுக்கிவிடுகிறது. முடிச்சே கிடையாது. திருப்பூரில் பனியன் துணி பின்னும் ஊசிக்கு இது எவ்வளவு நிம்மதி என்று நிட்டிங் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

இந்த வேலைகள் போனதில் எனக்கு வருத்தமில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து காப் பிடுங்கித்தான் பிழைக்க வேண்டும் என்று யாரும் சொல்லக்கூடாது. மெஷின் வரட்டும். பஞ்சுத் தூசியை இன்னும் கொஞ்சம் உறிஞ்சி எடுக்கும் மெஷின் வந்தால் இரண்டு கையாலும் கும்பிடுவேன்.

போகாமல் நின்ற வேலை ஒன்று உண்டு. அதுதான் பீசிங், அறுந்த நூலைச் சேர்ப்பது.

அமெரிக்காவில் ஜான் தார்ப் என்பவர் 1828-ல் ரிங் ஸ்பின்னிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். ஏறக்குறைய இருநூறு வருடமாக அடிப்படை அப்படியேதான் இருக்கிறது. மேலிருந்து வரும் ரோவிங் என்ற பஞ்சுத் திரி, ரோலர்களுக்கு இடையில் மெலிந்து, சுழலும் ஸ்பிண்டிலால் முறுக்கேறி, வளையத்தில் ஓடும் குட்டி டிராவலர் வழியாக பாபினில் சுற்றிக்கொள்கிறது. அந்த டிராவலர் நகக்கணு அளவுகூட இருக்காது. ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000, 20,000 சுற்று ஓடுகிறது. அந்த வேகத்தில் எங்கேயாவது இழை அறும். அறுந்தால் ஒருவர் போய், ஸ்பிண்டிலைப் பிரேக்கில் நிறுத்தி, காப்பில் முனையைத் தேடி எடுத்து, டிராவலருக்குள் நுழைத்து, மேலே நூல் வழிகாட்டியில் மாட்டி, முன் ரோலரில் இருந்து வரும் இழைகளோடு சேர்த்துவிட வேண்டும். கை பழகியவர்களுக்கு ஐந்து விநாடி போதும். புதிதாக வருபவர்களுக்கு முதல் வாரம் முழுக்க அழுகைதான். நூல் விரலை அறுக்கும், டிராவலர் சிக்காது, சேர்த்த இடம் தடித்து மறுபடி அறும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் ஸ்பிண்டில் ஒரு மணி நேரம் ஓடினால் 30 அறுப்பு என்று வைத்துக்கொள்வோம். நன்றாக ஓடும் மில்லுக்கு இது நம்பக்கூடிய அளவுதான். 1,200 ஸ்பிண்டில் ஃபிரேமில் மணிக்கு 36 அறுப்பு. நான்கு ஃபிரேமை ஒருத்தி பார்த்தால் மணிக்கு 144, அதாவது நிமிடத்துக்கு இரண்டுக்கு மேல். இதற்கு நடுவில் ரோவிங் மாற்ற வேண்டும், ரோலரில் சுற்றிய பஞ்சை எடுக்க வேண்டும். "சும்மா நடந்துட்டுதானே இருக்காங்க" என்று யாராவது சொன்னால் ஒரு அரை நைட் வந்து நடந்து பார்க்கச் சொல்வேன்.

இதற்கும் இப்போது ரோபோ வந்துவிட்டது. 2019-ல் பார்சிலோனாவில் நடந்த ஐடிஎம்ஏ ஜவுளி இயந்திரக் கண்காட்சியில் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் கம்பெனி, ரிங் ஃபிரேமில் தானே பீசிங் போடும் ரோபோஸ்பின்னைக் காட்டியது. ஃபிரேமின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று ஓடும். எந்த ஸ்பிண்டில் அறுந்தது என்று சென்சார் சொன்னதும் நேராக அங்கே போய், முனையைத் தேடி எடுத்துச் சேர்க்கும். வீடியோவைப் பார்த்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மில்லுக்கு அது இன்னும் வரவில்லை. வரும். ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஹாஸ்டலை நடத்துகிறவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் பக்கத்துக் கிராமங்களிலிருந்தே பிள்ளைகள் வந்தார்கள். அப்புறம் தெற்கு மாவட்டங்களிலிருந்து. இப்போது ஒடிசா, ஜார்கண்ட், பீகார், அசாம்.

சென்சார் எங்களிடமும் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் தனித்தனியாகக் கவனித்து, இழை அறுந்தால் அந்த இடத்தில் விளக்கு எரியும். ஃபிரேமின் முனையிலும் எரியும். வேகம் குறைந்து ஓடும் ஸ்பிண்டிலைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். இது பெரிய உதவி. ஸ்பிண்டிலைச் சுழற்றும் டேப் தளர்ந்து அது மெதுவாக ஓடினால் நூலில் முறுக்கு குறையும், கண்ணுக்குத் தெரியாது. கோனாகிப் போய் துணி பின்னும்போதுதான் மானம் போகும். முன்பு அதைக் கண்டுபிடிக்க ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

ஆனால் விளக்கு வந்த பிறகு பிள்ளைகள் நடக்கும் விதமே மாறிவிட்டது. நாங்கள் சைடு பார்த்தபோது வரிசையாக நடந்துகொண்டே இருப்போம். அறுந்ததை மட்டும் பார்ப்பதில்லை, அறப்போவதையும் பார்ப்போம். இந்த ரோவிங் இன்னும் கொஞ்ச நேரத்தில் தீரும், ரோலர் மேல் இருக்கும் 'காட்' என்ற ரப்பர் உறையில் பள்ளம் விழுகிறது, இங்கே டிராவலர் கருகுகிற வாசம் வருகிறது, அங்கே ஒரு ஸ்பிண்டில் மட்டும் வேறு மாதிரி சத்தம் போடுகிறது. விரல் நுனியில் நூல் வறண்டிருந்தால், ஈரப்பதம் இறங்கிவிட்டது என்று அதைப் பார்க்கும் பிளான்ட்காரர் வந்து சொல்வதற்கு முன்பே தெரிந்துவிடும். இப்போது பிள்ளைகள் விளக்குக்கு விளக்கு ஓடுகிறார்கள். நடுவில் இருப்பதைப் பார்க்க நேரமும் இல்லை, பார் என்று யாரும் சொல்வதும் இல்லை. ஷிப்ட் முடிவில் யார் எத்தனை அறுப்பை எவ்வளவு சீக்கிரம் சேர்த்தார்கள் என்று ஸ்கிரீனில் பட்டியல் வரும். அறாமல் பார்த்துக்கொண்டவளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

போன வெயில் காலத்தில் ஒரு ஃபிரேமில் அறுப்பு ஏறிக்கொண்டே போனது. ஸ்கிரீனைப் பார்த்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தது. ஒரே ஸ்பிண்டில் திரும்பத் திரும்ப அறுந்தால் அங்கே கோளாறு என்று சொல்லலாம், இது அப்படி இல்லை. பஞ்சு மாற்றியதால் இருக்கும் என்றார்கள், ஈரப்பதம் என்றார்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண், தமிழ் பேசவே வெட்கப்படுபவள், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். "அக்கா, காத்து போகுது. அப்புறம் கட்." ஃபிரேம்களுக்கு மேலே ஓடிக் காற்றால் தூசி ஊதும் ஓவர்ஹெட் கிளீனரைத்தான் சொல்கிறாள் என்று புரியக் கொஞ்ச நேரமானது. கூடவே நடந்து பார்த்தேன். கிளீனர் கடந்துபோன சில நொடிகளில் அதன் பின்னாலேயே அறுப்பு. ஊதும் குழாய் ஒன்று திரும்பிப்போய், ரோவிங் தொங்கும் கிரீலில் அடைந்திருந்த தூசியைக் கீழே தள்ளுவதற்குப் பதில் நேராக ரோவிங் மேல் ஊதிக்கொண்டிருந்தது. மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். ஃபிட்டர் அண்ணன் ஏணி போட்டு ஏறி, குழாயைத் திருப்பிக் கட்டினார். அறுப்பு இறங்கிவிட்டது.

எந்த ஸ்பிண்டில், எத்தனை மணிக்கு அறுந்தது என்று சென்சாருக்குத் தெரியும். கிளீனர் அப்போது எங்கே இருந்தது என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். யார் சொல்லிக்கொடுப்பார்? இதைப் பார்த்தவள்தான் சொல்ல முடியும். அவள் ஃபிரேம் பக்கத்தில் நின்றதால்தான் பார்த்தாள்.

பஞ்சைக் கலக்கும் மிக்சிங் பக்கம் போனாலும் இதே கதைதான். நம் ஊர்ப் பஞ்சில் கலப்படம் அதிகம் என்பது உலகம் முழுக்க நூல் வாங்குபவர்களுக்குத் தெரிந்த விஷயம். சாக்கு நார், தலைமுடி, கலர் துணி, பிளாஸ்டிக் சாக்கின் இழை. இதைப் பிடிக்க கேமரா வைத்த மெஷின்கள் ஓடுகின்றன. கலராக இருந்தால் உடனே ஊதித் தள்ளிவிடும். வெள்ளைப் பஞ்சுக்குள் வெள்ளை பாலிப்ரொப்பிலீன் இழை இருந்தால் அதற்கும் திணறல். அதனால் பல மில்களில் இன்றும் வயதான பெண்கள் உட்கார்ந்து கையால் பொறுக்குகிறார்கள். கோடி ரூபாய் மெஷினுக்கு முன்னால் அந்த அம்மாக்களின் விரல். ஆனால் மில்லிலேயே குறைந்த கூலி வாங்குபவர்களில் அவர்களும் உண்டு. இது எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை.

எங்கள் தொழிலின் வரலாற்றை இரவில் போனில் தேடித் தேடிப் படிப்பது என் வழக்கம். 1779-ல் சாமுவேல் கிராம்ப்டன் இங்கிலாந்தில் மியூல் என்ற நூற்பு இயந்திரத்தைச் செய்தார். அதை ஓட்டப் பலமும் வேண்டும், கைத்திறமையும் வேண்டும். ஓட்டிய ஆண்கள் அடிக்கடி வேலைநிறுத்தம் செய்தார்கள். எரிச்சலடைந்த முதலாளிகள் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் என்ற மெக்கானிக்கிடம் போய், தானாக ஓடும் மியூல் வேண்டும் என்றார்கள். அவர் 1825-லும் 1830-லும் காப்புரிமை எடுத்து அதைச் செய்தும் காட்டினார். இனி நூற்பாளர் தேவையில்லை என்றார்கள். நடந்தது வேறு. மெஷின் தானாக ஓடினாலும் இழை அறுந்துகொண்டேதான் இருந்தது. அதைச் சேர்க்கும் சிறுவர்களை மேய்க்கவும், மெஷினைச் சரிப்படுத்தவும் ஒருவர் வேண்டியிருந்தது. நூற்பாளர் 'மைண்டர்' என்ற பெயரில் அங்கேயே நின்றார், நூறு வருடத்துக்கு மேல். பலம் தேவைப்படாத மெஷின் வந்த பிறகும் லங்காஷயரில் மைண்டர் வேலை பெரும்பாலும் ஆண்கள் கையிலேயே இருந்தது. பெண்கள் பக்கத்து வேலைகளில்.

இதைப் படித்தபோது நான் எங்கள் மில்லைத்தான் நினைத்தேன். எங்களிடமும் ஆட்டோமேஷனால் குறைவது சைடர், டாஃபர் வேலை. அது பெண்கள் வேலை. கூடுவது சென்சார், எலக்ட்ரானிக்ஸ், மெயின்டனன்ஸ் வேலை. அது ஆண்கள் வேலை. ஸ்பிண்டிலைச் சென்டர் பார்ப்பது, டிராவலர் மாற்றுவது, காட் பஃபிங் (ரப்பர் உறையைத் தேய்த்துச் சமப்படுத்துவது), ஆட்டோகோனரில் ஸ்ப்ளைசர் செட்டிங், இவற்றில் எதற்கும் ஆணின் உடம்புதான் வேண்டும் என்றில்லை. அந்த மெஷினின் சத்தத்தை வருடக்கணக்காகக் கேட்டவள் சைடர். அவளை அனுப்பிவிட்டு, ஐடிஐ முடித்து நேற்று வந்த தம்பியிடம் ஸ்பேனரைக் கொடுக்கிறார்கள். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவனும் இவளிடம் வந்துதான் கேட்கிறான்: "அக்கா, இது எப்பவுமே இப்படித்தான் சத்தம் போடுமா?"

மெஷின் வந்தாலும் வேலை தெரிந்த மனிதர் வேண்டும் என்ற யோசனை வேறு தொழில்களிலும் வந்திருக்கிறது. 1924-ல் சகிச்சி டொயோடா கொண்டுவந்த ஜி வகைத் தறியில் நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். ஒருவர் பல தறிகளைப் பார்க்க முடிந்தது. பார்த்துக்கொண்டே நிற்கும் வேலை போய், ஏன் நின்றது என்று கண்டுபிடிக்கும் வேலை மனிதருக்கு வந்தது. பிற்காலத்தில் அந்தக் குடும்பத்தின் டொயோட்டா கார் கம்பெனியில், ரோபோ செய்யும் சில வேலைகளை மறுபடி மனிதர்களின் கையில் கொடுத்துப் பழக்கினார்கள். கையால் செய்யத் தெரிந்தவர்தான் மெஷினை மேம்படுத்த முடியும் என்பது அவர்கள் கணக்கு. அதை முன்னின்று செய்த மிட்சுரு கவாய், கம்பெனியின் தொழிற்பள்ளியில் படித்துத் தொழிலாளியாகச் சேர்ந்தவர். 2017-ல் நிர்வாகத் துணைத் தலைவர் ஆனார். அடுத்த வருடம் டெஸ்லாவில் மாடல் 3 கார் உற்பத்தி திணறியபோது, அளவுக்கு மீறி ஆட்டோமேஷன் செய்தது தன் தவறு, மனிதர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று எலான் மஸ்க்கே எழுதினார்.

1983-லேயே லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ஒரு கட்டுரையில் சொன்னதுதான் என்னை அதிகம் உலுக்கியது. சுலபமான வேலையை மெஷினுக்குக் கொடுத்தால் மனிதருக்கு மிஞ்சுவது மிகக் கஷ்டமான வேலை. அந்தக் கஷ்டமான வேலைக்கான திறமையோ, சுலபமான வேலையைத் தினமும் செய்வதால்தான் வருகிறது. மெஷினிடம் கொடுத்துவிட்டால் அந்தப் பழக்கமும் போய்விடும். தொழிற்சாலைக் கன்ட்ரோல் ரூம்களை வைத்து எழுதியது அது. எங்கள் ரிங் ஃபிரேமுக்கு அப்படியே பொருந்துகிறது. பீசிங் போட்டுத்தான் நாங்கள் நூலைக் கற்றோம். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை கை அங்கே போவதால்தான் எந்த இடம் சூடு, எந்த வளையம் சொரசொரப்பு என்று விரலுக்குத் தெரிந்தது. ரோபோ பீசிங் போடத் தொடங்கினால், அதனால் முடியாத ஸ்பிண்டில்கள் மட்டும்தான் நம்மிடம் வரும். ஒருநாளும் பீசிங் போடாத பெண் அங்கே போய் நின்று என்ன செய்வாள்?

அதனால்தான் தலைப்பில் சொன்னது. பயிற்சி ஃபிரேமில் முதல் வாரம் விளக்கையெல்லாம் அணைத்துவிடுவேன். காதையும் மூக்கையும் வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வேன். "லைட் இருக்கும்போது எதுக்குக்கா?" என்று கேட்பார்கள். "நூல் அறுந்த அப்புறம்தான் சாமி லைட் எரியும், நீ அதுக்கு முன்னாடி பாரு" என்பேன். அப்புறம் கழிவுப் பெட்டியைத் திறந்து, வெட்டி எறியப்பட்ட நூலை எடுத்து விரித்துப் பார்க்கச் சொல்வேன். தடிப்பா, மெலிவா, எண்ணெய்க் கறையா, பூச்சிப் பிசுக்கா. ஆட்டோகோனரில் குறையுள்ள நூலைக் கண்டுபிடித்து வெட்டும் கிளியரர் எறிந்ததற்கெல்லாம் ஒரு காரணம் பின்னால் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவள்தான் கார்டிங்குக்கும் சிம்ப்ளெக்ஸுக்கும் போய், "உங்ககிட்டதான் கோளாறு" என்று சொல்ல முடியும்.

நிர்வாகத்திடம் இரண்டு கேட்டிருக்கிறேன். ஒன்று, அறுப்பு ஏறுவதற்குக் காரணம் கண்டுபிடித்துச் சொல்பவர்களின் பெயர் ரிக்கார்டில் ஏற வேண்டும், இன்க்ரிமென்டில் அது கணக்காக வேண்டும். எங்கள் தொழிலில் நூறு கிலோ நூலுக்கு எத்தனை ஆள்-மணி நேரம் என்பதைத்தான் பெரிய அளவுகோலாகப் பார்க்கிறார்கள். கோவையில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் இதற்காகவே மில்களை ஒப்பிட்டு ஆய்வு நடத்துகிறார்கள். நல்ல அளவுகோல்தான். ஆனால் அந்த ஆள்-மணி நேரத்துக்குள் ஒருத்தி எதைப் பார்த்தாள் என்பது அதில் வராது. இரண்டாவது, சைடர்களில் விருப்பமுள்ளவர்களை மெயின்டனன்ஸ் கேங்கில் சேர்த்து ஃபிட்டர் வேலை கற்றுக்கொடுக்க வேண்டும். ஃபிட்டர் கிரேடும் கொடுக்க வேண்டும், "ஹெல்பர்" என்று எழுதி ஏமாற்றக்கூடாது. இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. நான் முதலில் வேலை பார்த்த மில்லில், மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகப் பணம் என்று சொல்லிச் சேர்த்தார்கள். கடைசி வரை எங்கள் எல்லோரையும் அப்ரெண்டிஸ் என்றே எழுதி வைத்திருந்தார்கள். மில் வேலை தெரிந்தவர்கள் என்று காட்ட எங்கள் கையில் ஒரு காகிதம்கூட இல்லை.

முதலாவதற்கு "பார்க்கலாம்" என்றார்கள். இரண்டாவதற்குச் சரி என்றிருக்கிறார்கள், பகல் ஷிப்டில் மட்டும், இரண்டு பேருக்கு. ஒருத்தி அந்தக் கிளீனரைக் காட்டிய பெண். ஃபிட்டர் அண்ணன் முதலில் முகம் சுளித்தார். அப்புறம் அவரே டிராவலர் மாற்றும் அட்டவணையை அவளுக்குப் புரிகிற மாதிரி ஹிந்தியில் எழுதி வாங்கி வந்தார். துப்பட்டா மெஷினில் மாட்டாமல் இருக்க பேன்ட், ஷர்ட் யூனிஃபார்ம் வேண்டும் என்று ஸ்டோரில் சொல்லியிருக்கிறோம். கையுறை பெரிய சைஸ்தான் இருக்கிறது, சின்னது வாங்க வேண்டும்.

உங்கள் மில்லில் பெண்கள் ஃபிட்டராக இருந்தால் எனக்கு எழுதுங்கள். எந்த மெஷினில் தொடங்கினீர்கள், யார் கற்றுக்கொடுத்தார்கள், நைட் ஷிப்டுக்கு எப்படி ஏற்பாடு செய்தீர்கள், கிரேடு என்னவென்று எழுதிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் வேண்டும். அடுத்த முறை நிர்வாகத்திடம் போகும்போது கையில் வைத்துக்கொண்டு பேசுவேன்.